அல்போன்ஸ் அண்ணை

பேஸ்மென்ற் படியின் கடைசித் தட்டில் ஒரு பிடி பச்சைப் புல் கிடந்தது. வேரோடும் ஈரமண்ணோடும் பெயர்ந்து வந்த புல். ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஜனவரி பாதி கழிந்திருந்தது. ஒட்டிக் கட்டிய ரவுண்ஹவுஸ் வரிசையின் முன்னால் உப்பும் அழுக்கும் கலந்த பனி முழங்கால் உயரத்துக்கு இறுகிப்போய்க் கிடக்க, புல் என்ற ஒன்றை யாரும் கண்டு கனகாலம். புருசன் றிச்சர்ட்டின் சப்பாத்தில் ஒட்டி வந்திருக்கும் என்று ஜெனாட் அதை எடுத்துக் குப்பைவாளியில் போட்டாள். அவன் அஜக்ஸ் வெயர்ஹவுஸுக்கு வேலைக்குப் போனது பனிக்குள்ளால்தான் என்பது, கதிரையில் வந்து இருந்த பிறகே அவளுக்கு உறைத்தது.

சனிக்கிழமை. வெளியே இன்னும் விடியவில்லை. மேலே வரவேற்பறையில் மகள் மெலிசா போர்வையைப் போர்த்திக்கொண்டு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை. சீரியலைக் கையில் கொடுத்துவிட்டால் மத்தியானம்வரை சத்தமில்லை. ஜெனாட்டின் வேலை வீட்டுக்கு அடியில். இங்கிலாந்தில் நடக்கிற குதிரைப் பந்தயங்களின் படம் இந்த நிலவறைக்கு வந்து, அவள் அமத்துகிற பொத்தானின்படி பிரிந்து, பந்தயம் கட்டுகிற கடைகளின் திரைகளுக்குப் போகும். சும்மா ஓடுகிற பந்தயமல்ல. செடிகளை அடுக்கிக் கட்டிய வேலிகளை ஒவ்வொன்றாகப் பாய்ந்து பாய்ந்து ஓடுகிற பந்தயம். அங்கே மத்தியானம், இங்கே இருட்டு.

அந்த வேலையில் ஒரேயொரு விதியைத்தான் பிழைவிடக் கூடாது. விழுந்த குதிரை எழும்பாவிட்டால், அல்லது எழும்பியபின் கால் தொங்கினால், படத்தை மாற்றவேண்டும். ஆட்கள் பச்சைத் திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து குதிரையை மறைப்பார்கள், அதற்குப் பின்னால் மிருக வைத்தியர் தன் அலுவலைப் பார்ப்பார். அந்தத் திரைச்சீலையைக்கூடச் சனம் காணக்கூடாது. பிறகு பந்தயத்தைத் திரும்பக் காட்டுகிற மறுபடத்தையும் விழுந்த இடத்துக்குப் பிறகிருந்துதான் வெட்டிப் போடவேண்டும். ஹெட்செற்றுக்குள் மாக்கஸ் சொல்லுமுன்னமே ஜெனாட்டின் விரல் மாற்றிவிடும். லண்டனிலிருந்து அவளை மேய்க்கிறவன் மாக்கஸ். ஆளைப் புகழுகிற பழக்கமே இல்லாதவன், இந்த ஒரு விசயத்தில் மட்டும் அவளைப் புகழ்வான். ஓடுவதற்கென்று பிறந்தவை, எங்களைவிட நல்லாய்ச் சாப்பிடுபவை, கால் முறிந்தால் ஊசிதான் அதற்குச் செய்கிற தர்மம் என்று அவன் சொல்வதை அவளும் ஏற்றுக்கொண்டிருந்தாள். சம்பளம் வாங்குகிறவளுக்கு அதை ஏற்றுக்கொள்வது கஷ்டமுமில்லை.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் அல்போன்ஸ் விழும்வரைக்கும்.

அது மண்ணிறக் குதிரை, நெற்றியில் வெள்ளைக் கீற்று. கடைசிக்கு முதல் வேலியில் முகம்குப்புற விழுந்தது. ஓட்டியவன் உருண்டு எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு நடந்துபோனான். குதிரையும் எழும்பியது. இடது முன்காலின் முழங்காலுக்குக் கீழே எல்லாம் தோலில் தொங்கியது. அப்படியே மூன்று காலில், மற்றக் குதிரைகள் போன திசைக்கு ஓடப் பார்த்தது. விழுந்தது. எழும்பியது. ஜெனாட் படத்தை மாற்றி வென்ற குதிரையைக் காட்டினாள். கடைகளில் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். ஆனால் அவளுக்கு முன்னால் எல்லாக் கமராக்களும் திறந்தபடிதான் இருக்கும். திரைச்சீலைக்கு மேலால் இரண்டு காதுகள் தெரிந்தன, மடங்காமல், யாரோ கூப்பிட்டதற்குக் காது கொடுப்பதுபோல. பிறகு அவை தெரியவில்லை. திரைச்சீலை மாத்திரம் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு அவளுக்கு நித்திரை இல்லை. பாவம் என்று நினைத்தாள், அது போதவில்லை. அழுது பார்த்தாள், அதுவும் போதவில்லை. கடைசியில், எங்கள் சனத்துக்கு ஒரு சாவை ஆற்றிக்கொள்ளத் தெரிந்த ஒரே வழியைத்தான் அவளும் பிடித்தாள். தமிழ்ப் பூசை நடக்கிற கத்தோலிக்கக் கோயிலின் அலுவலகத்துக்குப் போய், அல்போன்ஸ் என்பவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தாள். அங்கே இருந்த செரீனா அன்ரி, ஆர் பிள்ளை உமக்கு என்று கேட்டா. குதிரை என்று சொல்ல ஜெனாட்டுக்கு வாய் வரவில்லை.

"அண்ணை," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் பீடத்திலிருந்து, எங்கள் சகோதரி ஜெனாட்டின் அன்பு அண்ணன் அல்போன்ஸ் என்று வாசிக்க, கோயில் நிறைந்த சனம் எழுந்து நின்று அவருக்காக மன்றாடியது. ஜெனாட் அன்றைக்கு நித்திரை கொண்டாள். நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி, அடித்துப்போட்ட நித்திரை.

சங்கடம் அதற்குப் பிறகுதான். ஸ்காபரோவில் ஒரு சாவுச் செய்தி பஸ்ஸைவிட வேகமாக ஓடும். கோயிலில் பழக்கமான எமில்டா அன்ரி கண் கலங்கி ரெலிபோன் எடுத்து, ஏன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று குறைப்பட்டா. தமிழ்க்கடையில் மீன் வெட்டுகிறவர் றிச்சர்ட்டின் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். மனைவி ஒரே பிள்ளை என்பது தெரிந்த றிச்சர்ட் மீனையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு நடந்த சண்டையில் அவள் உண்மையைச் சொன்னாள். அவன் சிரிக்கவுமில்லை, கத்தவுமில்லை. பிறகு கதைக்கவுமில்லை. சாப்பாட்டு மேசையில் அவனுடைய கரண்டி கோப்பையில் படுகிற சத்தம்தான் அந்த வீட்டின் பேச்சாக இருந்தது.

மெலிசாதான் அந்த மௌனத்தை உடைத்தாள். அம்மாவுக்கு அண்ணை இருந்தால் அவர் தனக்கு என்ன முறை என்று கேட்டாள்.

"அம்மாவின்ரை அண்ணை எண்டா உனக்கு மாமா," என்றான் றிச்சர்ட், மனைவியைப் பார்த்தபடி. "சொந்த மாமா. வேறை ஆர் இருக்கினம் உனக்கு?"

பிள்ளைக்குச் சரியான புளுகம், கால் நிலத்தில் படாத சந்தோசம். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் மாமா இருக்கிறார்கள், தனக்கும் ஒருவர் வந்துவிட்டார் என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். இல்லையென்று சொல்ல ஜெனாட் பலதடவை வாயெடுத்தாள். சொன்னால் பிள்ளைக்கு முன்னால் பொய்க்காரியாகவேண்டும். பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டாள்.

இப்போது திரைகளில் குதிரைகள் ஓடுதளத்துக்கு வந்துகொண்டிருந்தன. மாக்கஸ் காதுக்குள் வானிலையைத் திட்டினான். வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் இரைந்து, நின்று, மறுபடி இரைந்தது. அந்த இடைவெளியில் ஜெனாட்டின் மூக்கில் ஒரு வாசம் அடித்தது. ஈரத்தோலும் வியர்வையும் மிதிபட்ட புல்லும் கலந்த, சூடான, உயிருள்ள ஒன்றின் வாசம். அதற்கு நடுவில் கறள் பிடித்த இரும்புபோல வேறொன்று. உடுப்புத் தோய்க்கிற மெசினிலிருந்து வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மெசின் மறுபக்க மூலையில், வெறுமையாய், மூடி திறந்தபடி நின்றது.

பந்தயம் தொடங்கியது. முதலாவது வேலி. இரண்டாவது. எல்லாம் பாய்ந்துவிட்டன.

மேலே யாரோ நடந்தார்கள்.

மெலிசா நடந்தால் தலைக்கு மேலே தட்டுத்தட்டென்று கேட்கும். இது அதுவல்ல. பாரமான ஒன்று. மேற்தளப் பலகை நெரிந்தது, லைற் லேசாக ஆடியது. டக். டக். டக். பிறகு ஒரு இழுபடல், ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல. மறுபடி டக். டக். டக். வரவேற்பறையிலிருந்து குசினிப் பக்கம். ஜெனாட் ஹெட்செற்றை ஒரு காதிலிருந்து விலக்கினாள். றிச்சர்ட் திரும்பி வந்துவிட்டானா? முன்கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. கராஜ் கதவும் இல்லை. கார்ட்டூன் சத்தம் நின்றுபோயிருந்தது.

"மெலிசா?"

நடை நின்றது. மேலே பிள்ளை யாருடனோ மெதுவாகக் கதைப்பது கேட்டது. பிறகு படியின் தலைப்பிலிருந்து அவளுடைய குரல் வந்தது.

"அம்மா, மாமா வந்திருக்கிறார்."

ஜெனாட்டின் கை பொத்தான்களின் மேலே அப்படியே நின்றது.

"எந்த மாமா?"

"அல்போன்ஸ் மாமா. கால் நோகுதாம். இருங்கோ எண்டு சொன்னனான். ஏலாதாம்."

குதிரை என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. காலைப் பற்றி யாருமே சொல்லவில்லை.

அவள் எழும்பினாள். கதிரை பின்னால் விழுந்தது. திரையில் ஒரு குதிரை வேலியில் தட்டுப்பட்டு உருள, படம் மாறாமல் அப்படியே போய்க்கொண்டிருந்தது. மேசையில் கிடந்த ஹெட்செற்றுக்குள் மாக்கஸ் அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படியடிக்குப் போனாள்.

படி செங்குத்து. ஒடுக்கம். மேல்கதவு திறந்திருந்தது. குசினி லைற் எரிந்தது. வெளிச்சத்தை ஏதோ பாதி மறைத்தது. படிகளில் அங்கங்கே புல். ஈரப் புல்.

முதலில் நெஞ்சு தெரிந்தது. வியர்வையில் மினுங்கிய மண்ணிறம். அது மூச்சு விட்டது. அந்தச் சூடு படியால் இறங்கி அவளுடைய முகத்தில் பட்டது. தலை கதவு நிலைக்கு மேலே எங்கோ மறைந்திருந்தது. முன்னால் ஒரு கால் ஊன்றியிருந்தது. மற்றது ஊன்றவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு கால்கள் தொங்கின. சின்னக் கால்கள். பாதங்களில் பூப்போட்ட மேசு.

"மெலிசா. கீழை வா."

"ஏலாது அம்மா. மாமா தூக்கி வச்சிருக்கிறார்."

"இறங்கு."

"உயரமாய்க் கிடக்கு."

ஜெனாட் முதல் படியில் கால் வைத்தாள். மேலே அந்த நெஞ்சு அசைந்தது. தலை குனிந்து கதவு நிலைக்குக் கீழே வந்தது. நெற்றியில் வெள்ளைக் கீற்று. கண் திறந்திருந்தது, ஆனால் அதில் பார்வை என்று ஒன்றும் இல்லை, ஈரம் மட்டும். காதுகள் இரண்டும் முன்னுக்கு, அவளுடைய பக்கம். கேட்பதற்கு ஆயத்தமாக. அவள் என்ன சொன்னாலும் கேட்பதற்கு.

பிள்ளையை மட்டும் தந்துவிடு என்று கெஞ்சியிருக்கலாம். மன்னித்துக்கொள் என்றிருக்கலாம். அவளுடைய வாயில் வந்தது வேறு.

"அவர் உனக்கு மாமா இல்லை," என்றாள். குரல் கிழிந்தது. "எனக்கு அண்ணையுமில்லை. நான் பொய் சொன்னனான். அது ஒரு செத்த குதிரை. அதுக்கும் எங்களுக்கும் ஒண்டுமில்லை."

வீடு அமைதியாகியது. ஃபேர்னஸும் நின்றது.

"அம்மா," என்றாள் மெலிசா மெதுவாக. "அவருக்குக் கேக்குது."

காதுகள் பின்னால் போய்த் தலையோடு ஒட்டிப் படுத்தன.

அது பின்வாங்கியது. ஒரு அடி. இழுபடல். இன்னொரு அடி. கதவில் வெளிச்சம் திறந்தது. குசினியில் கதிரை ஒன்று சரிந்தது, ஃபிரிட்ஜில் பாரமாக ஏதோ மோதியது, போத்தல்கள் உருண்டன. இன்னும் பின்னுக்குப் போனது. சுவர்வரைக்கும். அங்கே நின்றது. வேலியைப் பாயுமுன் குதிரைகளுக்கு ஓடிவர எவ்வளவு தூரம் வேண்டும் என்பது ஜெனாட்டுக்குத் தெரியும்.

ஓடவேண்டும். ஓடினால் பிள்ளை அதன் முதுகிலேயே. அவள் கையிரண்டையும் மேலே நீட்டிக்கொண்டு படியில் ஏறினாள். ஒரு படி. இன்னொரு படி. கால் புல்லில் வழுக்கியது.

மேலே தரை அதிர்ந்தது. டக். டக். டக்.

கதவு முழுவதையும் அது நிரப்பியது. மூன்று கால்களும் பாய்ச்சலுக்கு ஒன்றாகக் கூடி மடிந்தன, நாலாவது தோலில் ஆடியது. அதன் முதுகில் மெலிசா முன்னுக்குக் குனிந்து, பிடரி மயிரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடினாள்.