ஏழாவது பொட்டு

ட்ரிங்... ட்ரிங்...

ரொட்டி சானாய் மேசைக்கு வந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் புனிதவதி கைப்பேசியைப் பார்த்தாள். பிறகு ரொட்டியைப் பார்த்தாள். இருபத்தேழு வருட போலீஸ் உத்தியோகத்தில் இந்த இரண்டும் சேர்ந்து வராத சனிக்கிழமை ஒன்றுகூட அவள் நினைவில் இல்லை.

எடுத்தாள்.

"மேடம்... சார்ஜன் புவனேசன் பேசறேன். புக்கிட் ரோத்தான் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள்ள ஒரு கிளைடர் கிளப் இருக்குல்ல..."

"இருக்கு. இன்ஜின் இல்லாத பிளேன். அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணு விழுந்துடுச்சி மேடம். ஓட்டுன பொண்ணு அங்கயே முடிஞ்சிட்டா."

புனிதவதி கண்ணை மூடித் திறந்தாள்.

"விபத்தா?"

"கயிறு கட்டி கிளைடர மேல இழுக்கற வின்ச்ச ஓட்டுற செல்வாதான் காரணம்னு கிளப்புல சொல்றாங்க. நம்ம டிபார்ட்மென்ட் பெரியவரும் போன் பண்ணிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள அவன லோக்காப்புல போட்டு, ரிப்போர்ட்ட முடிச்சிடச் சொல்றாரு."

"பெரியவருக்கு என்ன அவசரம்?"

"ஞாயித்துக்கிழமை கோல்ஃப் மேடம்."

நியாயமான காரணம்தான். புனிதவதி எழுந்தாள். வலது முழங்கால் வழக்கம்போல ஆட்சேபம் தெரிவித்தது.

*

செம்பனைகளுக்கு நடுவே நீளமான புல்வெளி. அதுதான் ஓடுதளம்.

அதன் ஓரத்தில், வாய்க்காலை ஒட்டி, வெள்ளை கிளைடர் கிடந்தது. இடது இறக்கை ஒரு பனையில் மாட்டி முறிந்திருந்தது. வால் தனியாகப் போயிருந்தது. மூக்குப் பகுதி மட்டும் ஏறக்குறைய முழுசாக இருந்தது.

முன் இருக்கையில்... அவள்!

துளசி. வயது முப்பத்தொன்று. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கழுத்து ஒரு பக்கமாக மடிந்திருந்தது. முகத்தில் காயமே இல்லை. அதுதான் பார்க்க முடியவில்லை.

புனிதவதி மெல்லக் குனிந்து அந்த வலது கையைப் பார்த்தாள். மோதிர விரல் நுனியில் அழியாத சந்தனம். அதன்மேல் குங்குமம்.

'ஏம்மா... உனக்கு லீவு நாள்ல வீட்ல தூங்கத் தெரியாதா?' என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். துக்கம் வந்தால் அவளுக்கு முதலில் கோபம்தான் வரும்.

"நல்ல ஸ்டூடன்ட் மேடம்!"

பின்னால் குரல். திரும்பினாள்.

கில்பர்ட். கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். ஐம்பத்தைந்து வயது. கசங்காத வெள்ளைச் சட்டை. ஒரு சாவு நடந்த இடத்தில் அவ்வளவு கசங்காமல் இருப்பது பெரிய சாதனை.

"இன்னைக்குத்தான் முதல் தடவை தனியா பறந்தா. விஜயதசமி, நல்ல நாள்னு அவளே கேட்டு வாங்கிக்கிட்டா. அந்த செல்வா வின்ச்ச கண்மண் தெரியாம இழுத்துட்டான். மூக்கு மேல தூக்கிடுச்சி. அவ்வளவுதான்!"

"எனக்கு இது ஒண்ணும் தெரியாது சார். கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க."

கில்பர்ட் உற்சாகமானார். பாடம் நடத்தி நடத்திப் பழகிய வாய்.

"ரெண்டு சீட் மேடம். ஸ்டூடன்ட் முன்னால, நான் பின்னால. தனியா பறந்தா முன்சீட்லதான் உக்காரணும். பின்சீட் பெல்ட் வார இறுக்கிக் கட்டிடணும். இல்லன்னா அது தொங்கி, பின்னால இருக்கற கன்ட்ரோல் ஸ்டிக்குல மாட்டிக்கும். அதோ பாருங்க, சரியா கட்டியிருக்கு."

"சரி. அப்புறம்?"

"எடை! முன்சீட்ல குறைஞ்சது எழுபது கிலோ இருக்கணும். துளசி அம்பத்திரண்டுதான். அதனால காலுக்கு முன்னால மூணு மூணு கிலோவுல ஆறு ஈயத்தகடு வெச்சு நட்டு போட்டுடுவோம். பதினெட்டு கிலோ. கணக்கு சரியா வந்துடும்."

"வைக்கலன்னா?"

"வால் கனமாயிடும். ஸ்டிக்க எவ்வளவு தள்ளினாலும் மூக்கு இறங்காது. ஆனா இங்க ஆறும் இருக்கு. நீங்களே எண்ணிக்கலாம்!"

எண்ணினாள். ஆறு சாம்பல் நிறத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேலே இருந்ததைத் தட்டினாள். ஈயம்தான். சுத்தமான ஈயம்.

*

செல்வா வின்ச் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது ஆள், குழந்தை மாதிரி தேம்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கைப்பேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் 'மாலா' என்று வந்து வந்து போனது.

"யாரு?"

"சம்சாரம் மேடம். எட்டு மாசம். என்னத்த சொல்றது அவகிட்ட? லோக்காப்புக்குப் போறேன், நீ தனியா போயி பெத்துக்கன்னா?"

புனிதவதி அவன் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தாள். முழங்கால் நன்றி சொன்னது.

"வேகமா இழுத்தியா?"

"சாமி சத்தியமா இல்ல மேடம்! வழக்கமான ஸ்பீடுதான். ஒரு அறுபது மீட்டர் போறதுக்குள்ள டீச்சர் ரேடியோல கத்துனாங்க. 'அண்ணே, ஸ்டிக்க ஃபுல்லா முன்னால தள்ளிட்டேன், மூக்கு எறங்கவே மாட்டேங்குது'ன்னு. நான் வின்ச்ச கட் பண்ணேன். அவங்களும் கயித்த விட்டுட்டாங்க. அப்பவும் மூக்கு மேலயேதான் மேடம் நின்னுச்சி! அப்புறம் அப்படியே ஒரு பக்கமா சாஞ்சி..."

உள்ளங்கையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினான்.

"கயிறு போன பிறகுமா?"

"ஆமா மேடம்."

கயிறே போன பிறகு இழுத்தவன்மேல் எப்படிக் குற்றம் சொல்வது? புனிதவதிக்கு அசதி கொஞ்சம் விலகியது.

"இத வேற யாரு கேட்டா?"

"கில்பர்ட் சார் கையிலயும் ரேடியோ இருந்துச்சி. தனக்கு ஒண்ணும் கேக்கலன்னு சொல்றாரு."

"அவருக்கும் டீச்சருக்கும் எப்படி?"

செல்வா தயங்கினான். சுற்றிலும் பார்த்தான்.

"போன மாசம் ஒரு ஸ்டூடன்ட் கிளைடர டம்முனு எறக்கி, அடியில விரிசல். சார் அத புக்குல எழுதல. மறுநாளே அதே கிளைடர்ல இன்னொருத்தர ஏத்தி விட்டுட்டாரு. டீச்சர் பாத்துட்டு மேல எழுதிப் போட்டுட்டாங்க. வர்ற செவ்வாக்கிழமை விசாரணை. டீச்சர்தான் சாட்சி. சாருக்கு லைசன்ஸ் போயிடும்னு பேசிக்கிட்டாங்க."

"ம்ம். அவ விரல்ல சந்தனம் இருக்கே, அது என்ன?"

அழுகைக்கு நடுவே செல்வாவின் முகத்தில் ஒரு சின்ன சிரிப்பு வந்து மறைந்தது.

"நேத்து ஆயுத பூஜை மேடம். ஆனா நேத்து கொட்டுன மழையில மண்ரோடு மூழ்கிடுச்சி. நான் தோட்டத்துக்குள்ளயே வர முடியல. இன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துதான் வின்ச்சுக்கு, டிராக்டருக்கு எல்லாம் சந்தனம் வெச்சேன். டீச்சர் பாத்துட்டு, 'அண்ணே, கிண்ணத்தக் குடுங்க, என் வேலைய நானே பண்றேன்'னாங்க. பறக்கறதுக்கு முன்னால ஏழு செக் பண்ணணும். டீச்சர் ஒண்ணு ஒண்ணா சொல்லி, கையால தொட்டுப் பாத்து, பாத்ததுக்கு ஒரு பொட்டு வெச்சாங்க. ஸ்டிக், தகடு, வார், மீட்டர், ட்ரிம், கண்ணாடி மூடி, பிரேக். நான்தான் கிண்ணத்த புடிச்சிக்கிட்டு நின்னேன்."

"ஏழா?"

"ஏழு மேடம். 'பொட்டு இருந்தா பாத்தாச்சி, இல்லன்னா பாக்கல. இனிமே மறக்கவே மறக்காது'ன்னாங்க. ஸ்கூல்ல புள்ளைங்க நோட்டுல சரி போடுவாங்களே, அந்த மாதிரி."

"அப்ப கில்பர்ட் எங்க?"

"ஆபீஸ்ல, போன்ல. வரும்போது பொட்டப் பாத்துட்டு, 'பிளேன கோயில் தேரா ஆக்கிட்டீங்களா'ன்னு சிடுசிடுத்தாரு. அவ்வளவுதான்."

"கிளைடர் விழுந்ததும் முதல்ல யாரு போனா?"

"அவருதான். மோட்டர் சைக்கிள்ல, முதலுதவிப் பொட்டியோட. நான் வின்ச்லேர்ந்து ஓடி வர நாலு நிமிசம் ஆச்சி. வந்தப்ப பாரிட்டு வாய்க்கால் கரையில கை கழுவிக்கிட்டு இருந்தாரு." செல்வா மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அந்தப் பொட்டி என்னா கனம் மேடம்! காலைல மோட்டர்ல ஏத்த ஒரு கை குடுத்தேன். இடுப்பே போயிடுச்சி. ஆக்சிஜன் பாட்டில்னாரு."

புனிதவதி எழுந்து நடந்தாள். மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த சிவப்புப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். ஒற்றை விரலில் தூக்கினாள்.

வந்தது!

திறந்தாள். பஞ்சு, மருந்து பாட்டில், இரண்டு கட்டுத்துணி. ஆக்சிஜனைக் காணோம்.

*

"சார்ஜன்!"

"மேடம்?"

"நீச்சல் தெரியுமா?"

புவனேசன் திருதிருவென்று விழித்தார். ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம்தான் இருந்தது அவருக்கு.

"இந்த பாரிட்டு எங்க போகுது?"

"கடலுக்கு மேடம். ஆனா கடல் ஏறினா உப்புத்தண்ணி தோட்டத்துக்குள்ள வந்துடும்னு மதகை மூடிடுவாங்க. இன்னைக்குக் காலைல ஒன்பது மணிக்கே மூடியாச்சி. கிளைடர் விழுந்தது அதுக்கப்புறம்தான், மதக இன்னும் தொறக்கல."

"அப்ப இதுல விழுந்தது எதுவும் வெளிய போயிருக்காது."

"எது விழுந்துச்சி மேடம்?"

புனிதவதி அவர் காதில் சொன்னாள். புவனேசன் வாய்க்காலைப் பார்த்தார், தன் புது பூட்ஸைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"ஒரே ஒரு பென்ஷன்தான் மேடம் கேட்டேன்..." என்று முனகிக்கொண்டே போனார்.

*

கில்பர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"செல்வாவ கூட்டிட்டுப் போகலயா மேடம்? மணி நாலாகுது."

"போகலாம் சார். ஒரே ஒரு சந்தேகம். எனக்கு வயசாகுது, சின்ன சின்ன விஷயம்தான் மண்டையில ஏறுது." அவள் உடைந்த கிளைடருக்குள் விரலை நீட்டினாள். "நேத்து செல்வா ஆயுத பூஜை பண்ணியிருக்கான். ஸ்டிக்குல பொட்டு இருக்கு. வார், மீட்டர், ட்ரிம், மூடி, பிரேக்... எல்லாத்துலயும் இருக்கு. தகட்டுல மட்டும் இல்லையே?"

ஒரே ஒரு வினாடி.

அந்த ஒரு வினாடி கில்பர்ட்டின் கண்கள் தகட்டுக்கும் அவளுக்கும் நடுவே ஓடின.

பிறகு சிரித்தார்.

"ஓ, அதுவா! நேத்து சாயங்காலம் நான்தான் தொடச்சிட்டேன். பெட்ரோல் போட்டு. நட்டுல எல்லாம் சந்தனத்த அப்பி வெச்சிருந்தான். பாதுகாப்பு முக்கியம் இல்லையா?"

"நேத்து சாயங்காலமா?"

"ஆமா."

"உங்க கையாலயா?"

"என் கையாலதான்!"

"நல்லா ஞாபகம் இருக்கா சார்? அவசரம் இல்ல... யோசிச்சே சொல்லுங்க."

"என்ன மேடம் இது! நேத்து நடந்தது மறந்துடுமா?"

புனிதவதி தன் குறிப்பேட்டை மூடினாள்.

"நேத்து மழை சார். செல்வா இந்தப் பக்கமே வரல. எல்லாத்துக்கும் இன்னைக்குக் காலைலதான் பொட்டு. தகட்டுக்கு வெச்சது செல்வாகூட இல்ல... துளசி! வைக்காத பொட்ட நேத்தே எப்படி சார் தொடச்சீங்க?"

கசங்காத சட்டையின் கழுத்துப்பட்டையில் வியர்வை இறங்கியது.

"அது... இன்னைக்குக் காலைலயா இருக்கும். நாள் மாறிடுச்சி..."

"அவ தொட்டு பொட்டு வெச்ச தகடு வேற, இப்ப இங்க இருக்கற தகடு வேற. அவ பாத்தது மரக்கட்டை. சாம்பல் பெயின்ட் அடிச்சு நீங்க முன்னாலயே மாட்டி வெச்சது. ஆறு தகடு இருக்கான்னுதான் அந்தப் பொண்ணு பாத்தா. கழட்டித் தூக்கியா பாப்பா? நீங்க மாட்டுனதுன்னு நம்பிட்டா. நிஜ ஈயம் முதலுதவிப் பொட்டியில இருந்துச்சி. பதினெட்டு கிலோ ஆக்சிஜன்! விழுந்த உடனே ஓடிவந்து, செத்துக்கிட்டு இருந்தவ கால்மாட்டுல உக்காந்து, தகட மாத்தியிருக்கீங்க."

எத்தனையோ கொலைகாரர்களைப் பார்த்துச் சலித்தவள்தான். இது சலிக்கவில்லை.

"கதை!" கில்பர்ட் கத்தினார். "வெறும் கதை! மரக்கட்டைன்னு சொல்றீங்களே, எங்க அது? காட்டுங்க பாக்கலாம்! கூலிக்கு வின்ச் ஓட்டுறவன் பேச்சக் கேட்டுக்கிட்டு..."

"மேடம்!"

பனைகளுக்கு நடுவிலிருந்து புவனேசன் வந்தார். இடுப்புவரை சேறு. தோளில் ஆகாயத்தாமரை. ஒரு பூட்ஸைக் காணோம். கைகளில் விறகு அடுக்கியதுபோல ஐந்து சாம்பல் நிறப் பலகைகள்.

"ஆறாவது?" என்றாள் புனிதவதி.

"மதகுகிட்ட சுத்திக்கிட்டு இருக்கு மேடம். அதுக்கு என்னவிட வயசு கம்மி. புடிக்க முடியல லா."

மேலே இருந்த பலகையை அவர் திருப்பிக் காட்டினார். பெயின்ட்டுக்கு மேல், தண்ணீரில் பாதி கரைந்து... மஞ்சளும் சிவப்புமாய் ஒரு விரல் நுனி அளவுக் கறை!

கில்பர்ட் புல்லில் உட்கார்ந்துவிட்டார். சட்டை இப்போது நன்றாகக் கசங்கியது.

தூரத்தில் செல்வாவின் கைப்பேசி மறுபடி அடித்தது.

"எடுத்துப் பேசுய்யா!" புனிதவதி குரல் கொடுத்தாள். "சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவேன்னு மாலாகிட்ட சொல்லு!"

செல்வா கைப்பேசியைக் காதில் வைத்தான். அழுகைதான் வந்தது. மறுமுனைக்கு அதுவே புரிந்திருக்க வேண்டும்.

விலங்கு மாட்டும்போது கில்பர்ட் தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"தூக்கி எறிஞ்சிட்டேனே... அப்பவே ஓடுற தண்ணியில தூக்கி எறிஞ்சிட்டேனே..."

புனிதவதி முழங்காலைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"தண்ணி ஓடல சார், மதகு மூடியிருந்துச்சி. ஈயம் முழுகும், கட்டை மிதக்கும். மூணாம் ஆண்டு சயின்ஸ். தெரியலன்னா துளசி டீச்சரையே கேட்டிருக்கலாம்... நீங்கதான் அவசரப்பட்டுட்டீங்க!"