சந்தா மை

பிரிண்டரில் கறுப்பு மை பாதிகூடத் தீரவில்லை. அதற்குள் கூரியரில் இன்னொரு பெட்டி வந்துவிட்டது. பிரித்தால் மூன்று மை கார்ட்ரிட்ஜ், மூன்றும் கறுப்பு. விக்னேஸ்வரன் ஏளனமாகச் சிரித்தான். மாதச் சந்தா கட்டினால் வீட்டில் எவ்வளவு மை இருக்கிறதென்று பிரிண்டரே கம்பெனிக்குச் சொல்லிவிடும், தீரும் முன்னே அனுப்பிவிடுவோம் என்று சொன்ன அறிவாளிகள் லட்சணம் இதுதான். போனில் கேட்டதற்கு ஒரு பெண், "இந்த வாரம் உங்க வீட்ல கறுப்புல நிறைய அச்சடிப்பீங்கன்னு சிஸ்டம் காட்டுது சார்" என்றாள்.

"ஒங்க சிஸ்டத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று வைத்துவிட்டான்.

ராஜபாளையத்து மில்லில் ஸ்டோர்ஸ் பார்க்கிற அவனுக்கு, தன்னைத் தவிர மற்றவனெல்லாம் மாக்கான். டேங்க் பிரிண்டர் வாங்கித் தானே மை ஊற்றுகிறவன், கையெல்லாம் கறை பூசிக்கொள்ளும் மடையன். ஒற்றைத் தாளுக்கு ஜெராக்ஸ் கடை வாசலில் காத்துக் கிடப்பவன் அவனைவிடப் பெரிய மடையன்.

மறுநாள் அவன் மனைவி ஈஸ்வரிக்கு ஆசிரியர் தேர்வு. ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும். சோதித்துப் பார்க்க அவன் பிரிண்டரில் அடுக்கிய தாள்களைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. எல்லாம் கருமாதிப் பத்திரிகைகள். வாசித்ததும் கிழித்துப் போட வேண்டியவற்றை, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதென்று சேர்த்து வைத்திருந்தான்.

"இதைப் போயி வீட்டுல வைப்பாகளா? ஒங்க பிரிண்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் மடவார் வளாகத்து ஜெராக்ஸ் கடையில எடுத்துக்கிடுதேன்."

"போ ஏட்டி. செத்தவன் எந்திரிச்சு வந்து ஒன் டிக்கெட்டைப் பறிக்கவா போறான்?"

அவளுடைய ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. மதிய வெயில் ஜன்னல் கம்பி நிழலைத் தரையில் நீட்டிக் கிடக்க, புது மையின் புளிப்பு வாடையோடு ஊதுபத்தியும் வாடிய சம்பங்கியும் கலந்து வர, எவன் வீட்டிலோ இழவு என்று உதட்டைப் பிதுக்கியவனின் காதில், பிரிண்டர் தானாகத் தாளை இழுக்கும் சத்தம் விழுந்தது.

தாளின் வெள்ளைப் பக்கத்தில் புது எழுத்து. எனது அன்பு மனைவி ஈஸ்வரி காலமானதை முன்னிட்டு என்று தொடங்கியது. இறந்த தேதி, இன்று. கீழே, இங்ஙனம் விக்னேஸ்வரன்.

எவனோ வேலையற்ற நாய் கம்ப்யூட்டரில் புகுந்து விளையாடுகிறான். கிழித்தான். இன்னொன்று வந்தது. கிழித்தான். இன்னொன்று. ஒயரைப் பிடுங்கினான். பிரிண்டர் நிற்கவில்லை.

பயம் வந்துவிட்டது. ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஈஸ்வரி. ரோடு. லாரிகள். போன் போட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"கடையிலதாங்க நிக்கேன். டிக்கெட் எடுத்தாச்சு."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லாயிருக்கியா ஏட்டி?"

"நல்லாத்தான் இருக்கேன்." அவள் குரல் இறங்கியது. "டிக்கெட்டுல இருக்கது என் போட்டோதாங்க. ஆனா நெத்தியில ஒத்த ரூவா ஒட்டியிருக்கு. நான் எப்பங்க இப்படிப் படுத்தேன்?"

பிரிண்டர் அடுத்த தாளை மெல்லத் தள்ளியது. முதலில் நெற்றி. ரூபாய் நாணயம். மூடிய கண்கள். மூக்கில் பஞ்சு. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி.

"ஏங்க" என்றாள் ஈஸ்வரி போனில்.

தாளில், மை காயாத அந்த உதடுகள் அசைந்தன.