மூன்று சென்டிமீட்டர் தூரத்தில்...

இடது கால் கட்டைவிரலுக்கு இரண்டே அங்குலம் தள்ளி, எடை தூக்கும் கம்பியில் மாட்டுகிற பத்துக் கிலோ இரும்புத் தட்டு ஒன்று 'ணங்'கென்று விழுந்ததும் ஆனந்தவள்ளிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ். சாரல் காலம்... துண்டும் மாற்றுத் துணியுமாக அருவிக்குக் கிளம்பிய கூட்டத்தில் ஒற்றைக் கால் ஊன்றத்தான் இடம் இருந்தது. டிரைவர் போட்ட பிரேக்கில், முன்னால் நின்றவனின் தோளில் கிடந்த சாக்குப் பை கிழிந்துவிட்டது.

"அறிவு இருக்கா உங்களுக்கு? இந்தக் காலுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பொழப்பே போச்சு, தெரியுமா?"

அவன் குனிந்து தட்டை எடுத்தான். உடனே நிமிரவில்லை. அவள் பையில் தொங்கிய ஸ்பைக் ஷூக்களையே பார்த்தான்.

"லாங் ஜம்ப்... இடது கால்ல எழும்புவீங்க. அப்படித்தான?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இடது ஷூ மட்டும்தான் முன்னால தேஞ்சிருக்கு."

அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தான். கண்ணாடியில் பொடிப்பொடியாய்ச் சாரல். அதற்குப் பின்னால் இரண்டு கண்கள்... நிஜமாகவே பயந்துபோன கண்கள். மன்னிச்சிருங்க என்று அவன் சொன்னபோது குரலும் நடுங்கியது. இவ்வளவு உயரமான ஆள் இவ்வளவு பயப்படுவானா? திட்டுவதற்கு இன்னும் நாலு வார்த்தை வைத்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. மேலகரம் நிறுத்தத்தில் அவன் கிழிந்த பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கி, சாரலுக்குள் கரைந்து போனான்.

'ஷூவைப் பார்க்கத் தெரியுது... முகத்தைப் பார்க்க இவ்வளவு நேரமா?' என்று நினைத்தவளுக்கு, தான் எதற்காக அதை நினைக்கிறோம் என்பதே விளங்கவில்லை.

ஆனந்தவள்ளிக்கு இருபத்து மூன்று வயது. அப்பா தங்கசாமி குற்றாலத்தில் தலைமைக் காவலர். மகள் தாவுவதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் இரண்டு வருடமாக அவள் 5.61 மீட்டரிலேயே நின்றுவிட்டாள். இன்னும் பத்து வாரத்தில் பாளையங்கோட்டையில் போட்டி. 5.80 தாண்டினால்தான் காவல்துறை அணித் தேர்வுக்குப் பெயர் போகும். தாண்டாவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பேன் என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

அந்த வாரம்தான் மைதானத்தில் ஒரு செய்தி பரவியது. மேலகரத்தில், கடையநல்லூர் யாசர் நடத்தும் ஜிம்மில், பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி செய்ய ஒருவர் வந்திருக்கிறாராம். எடை தூக்கும் பயிற்சியால் தாண்டுகிறவர்களுக்கும் ஓடுகிறவர்களுக்கும் பலன் உண்டா என்று பார்க்க இருபத்து நாலு பேர் வேண்டுமாம். வள்ளி மறுநாளே போய் நின்றாள்.

அங்கே அதே கண்ணாடி. அதே உயரம்.

பெயர் இசக்கிராஜா. சிவகிரிக்காரன். அவளைப் பார்த்ததும் அவன் கண் முதலில் அவள் இடது காலுக்குத்தான் போனது. கால் பத்திரமா இருக்கா என்று கேட்டான். நீங்க பக்கத்துல வராதவரைக்கும் பத்திரம்தான் என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்... வலது கன்னத்தில் ஒரு சின்னக் குழி.

எடை தூக்கினால் உடம்பு கனத்து, தாண்ட வராது என்றுதான் எல்லாரும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவன் வேறு மாதிரி சொன்னான்.

"எழும்புற பலகையில கால் படுற நேரம் ஒரு கண் சிமிட்டுற நேரந்தான். அதுக்குள்ள தரையை எவ்வளவு பலமா தள்ளுதோமோ, அவ்வளவு தூரம் போவோம். அந்தப் பலத்தைத்தான் இங்கன வளர்க்கப் போறோம்."

வள்ளி ஓரடி முன்னால் வந்து நின்றாள். இதுதான். இரண்டு வருடமாக எனக்குக் குறைந்தது இதுதான்.

ஆனால் இருபத்து நாலு பேரில் பாதிப் பேர்தான் எடை தூக்குவார்கள். மீதிப் பேர் எட்டு வாரமும் வழக்கமான பயிற்சியை மட்டும் செய்ய வேண்டும். அப்படி ஒப்பிட்டால்தான் பலன் எதனால் வந்தது என்று தெரியும். யார் எந்தப் பக்கம் என்பதற்குச் சீட்டுக் குலுக்கினான். அவன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தான். அவள் பெயர் வந்தபோது மட்டும் ஒரு கணம் நின்றான்.

ஆனந்தவள்ளி... இரண்டாவது அணி. எடை கிடையாது.

எல்லாரும் போனபிறகு அவனிடம் போய் நின்றாள். பத்து வாரத்தில் போட்டி என்று சொன்னாள். அப்பா சொன்னதைச் சொன்னாள். கெஞ்சிப் பழக்கமில்லாதவள் கிட்டத்தட்டக் கெஞ்சினாள். எட்டு வாரம் முடிந்ததும் இரண்டாவது அணிக்கும் இதே பயிற்சி உண்டு, அதற்கு முன்னால் மாற்ற முடியாது என்றான். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பஸ்ல திட்டுனதுக்குப் பழி வாங்குதீங்க."

"அப்படி இல்ல."

"வேற எப்படி?"

அவன் சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கினான். விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள்.

அவன் ஜிம்முக்கு வருவது மாலையில். காலை ஐந்தரைக்கே யாசர் கதவு திறந்துவிடுவார். வள்ளி அந்த நேரத்துக்கு வந்தாள். யாசர் அண்ணன் இரக்கப்பட்டு, எதுவும் கேட்காமல் விட்டார். யாரும் சொல்லித் தராமலே, சுவர்க் கண்ணாடி பார்த்து, எடைக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். முழங்கால் உள்ளே மடங்கியது. முதுகு வலித்தது. விடவில்லை.

நாலாவது வாரம் பரிசோதனை. நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எழும்புகிறார்கள் என்று அளக்கும் பாய் ஒன்று அவனிடம் இருந்தது. இரண்டாவது அணியில் யாருக்கும் பெரிய மாற்றமில்லை. வள்ளிக்கு மட்டும் முப்பத்து நாலு சென்டிமீட்டர் முப்பத்தெட்டு ஆகியிருந்தது. மூன்று முறை அளந்தான். மூன்று முறையும் அதேதான்.

ஏமாற்றினீர்களா என்று கேட்பான், சண்டை போடலாம் என்று தயாராக நின்றாள். அவன் அந்த எண்ணை அப்படியே நோட்டில் எழுதினான்.

"எடை தூக்காமலே நாலு கூடியிருக்கு... ஒருவேளை ரெண்டு வருஷமா நான் நினைச்சதே தப்பா இருக்கலாம். இருந்தா இருக்கட்டும். எழுதித்தான ஆகணும்."

சந்தேகத்தின் நிழல்கூட அந்தக் கண்களில் இல்லை. அவள் வீட்டுக்கு நடந்தே போனாள்.

மறுநாள் மாலை, மழை பலமாக அடித்துக்கொண்டிருக்கும்போது போய், நாலு வாரமாகக் காலையில் வந்து தூக்கியதை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் நோட்டைத் திறந்து அவள் பெயரைத் தேடினான்.

"ஆய்வுல இருந்து உங்க பேரை எடுத்திருதேன். ஏன் எடுத்தேன்னும் எழுதணும். பல்கலைக்கழகத்துல என் கைடு கேப்பாரு."

அவ்வளவுதான். நோட்டுக்குள் குனிந்துகொண்டான். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அவள் நின்றாள். நிமிர்ந்து பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள்... அவன் நிமிரவில்லை. அவள் மழைக்குள் இறங்கி நடந்தாள்.

நாலு நாள் ஜிம் பக்கமே போகவில்லை. மைதானத்தில் பழைய பயிற்சிதான். மணலில் விழுவதும் எழுவதும்... ஒவ்வொரு தடவை விழும்போதும் அந்தக் குனிந்த தலை கண்ணுக்குள் வந்தது.

ஐந்தாம் நாள் மணல் குழிக்குப் பக்கத்தில் அவன் நின்றான்.

"கோபம் தீர்ந்துட்டா?" என்று கேட்டாள்.

"தீரல. ஆனா நீ வந்து சொல்லாம இருந்திருந்தா, தப்பான முடிவை உண்மைன்னு எழுதியிருப்பேன்." முதல்முறையாக 'நீ' என்றான். ஒரு தாளை நீட்டினான். "அஞ்சு வாரத்துக்கான பயிற்சி. இப்ப நீ ஆய்வுல கிடையாது. தாராளமாத் தூக்கலாம். நான் சொல்லித் தாரேன்."

வாங்கிக்கொண்டாள். அவன் போகவில்லை.

"இன்னொண்ணு... ஆய்வுல இருக்கவங்ககிட்ட மனசுல உள்ளதைச் சொல்லக் கூடாதுன்னு எனக்கு நானே ஒரு விதி போட்டிருந்தேன். அன்னைக்குச் சீட்டுல உன் பேரைப் பாத்ததும், மாத்தி வச்சிரலாமான்னு மனசு கிடந்து அடிச்சுக்கிட்டுது. மாத்தியிருந்தா உன் முன்னால நிக்க எனக்கு யோக்கியதை இருக்காது. இப்ப அந்த விதி இல்ல... எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு வள்ளி."

தூரத்தில் மலையை மேகம் மூடிக்கொண்டு வந்தது. அவள் கையிலிருந்த தாளை நாலாக மடித்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"பதில் இப்ப கிடையாது. அஞ்சு எண்பது தாண்டிட்டுச் சொல்லுதேன்."

"தாண்டலைன்னா?"

"தாண்டுவேன்."

அந்த ஐந்து வாரம் அவள் வாழ்க்கையில் மறக்க முடியாதது. அவள் தானாகப் பழகியதில் பாதியை அவன் மாற்றினான். நாலு தடவைதான் உட்கார்ந்து எழ வேண்டும், ஆனால் கனமாக... பிறகு மூன்று நிமிடம் ஓய்வு. ஓய்வுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

"பேசாம இருந்தா மூணு நிமிஷம் போகவே மாட்டேங்குது."

"பேசுனா மூச்சு வாங்கும்."

"நான் பேசல, நீங்க பேசுங்க."

"பதில் வராம நான் என்னத்தைப் பேச?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்... காது வரை சிவந்ததை அவன் பார்த்துவிடக் கூடாதே. ஐம்பது கிலோ அறுபதாகி, அறுபது எழுபதானது. பலகையில் கால் பட்டதும் தரை அவளைத் தூக்கி எறிவது போலிருந்தது.

பாளையங்கோட்டையில் அன்று நல்ல வெயில். அப்பா லீவு போட்டு வந்து, கல் படியில் உட்கார்ந்திருந்தார். மொத்தம் ஆறு தாவல். முதல் தாவல் 5.58. இரண்டாவது ஃபவுல், கணக்கில் வராது. பிறகு 5.69... 5.72... ஐந்தாவது 5.77.

ஆறாவதற்கு ஓடினாள். அப்படி ஒரு தாவலை அவள் உடம்பு அதுவரை அறிந்ததில்லை. விழுந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தபோது கூட்டமே எழுந்து நின்றது. சிவப்புக் கொடியும் எழுந்தது. கால் நுனி பலகையை ஒரு விரல் அகலம் தாண்டியிருந்தது. அந்தத் தாவலை யாரும் அளக்கவில்லை.

மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அழுது முடித்துத்தான் எழுந்தாள். அப்பா இறங்கி வந்து, தையில் இன்னொரு போட்டி இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன், மற்ற பேச்சு அதற்குப் பிறகு என்று மட்டும் சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.

இசக்கிராஜா கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். அவளாக வரும்வரை காத்திருந்தான்.

"பத்து வாரத்துல பதினாறு சென்டிமீட்டர் கூடியிருக்கு. மீதி மூணு, தைக்குள்ள..."

"அதைப் பேச நான் வரல."

அவன் நிறுத்திக்கொண்டான்.

"தாண்டிட்டுச் சொல்லுதேன்னு சொன்னது என் திமிரு. அது வேற, இது வேற. தையில தாண்டத்தான் போறேன். ஆனா தை வரைக்கும் இதை மனசுல வச்சுக்கிட்டு இருக்க என்னால முடியாது... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டான். எப்ப இருந்து என்று கேட்டான்.

"நான் நினைச்சதே தப்பா இருக்கலாம்னு சொல்லி, என் பொய்யை உண்மைன்னு நம்பி எழுதுனீங்கள்ல... அந்த நிமிஷத்துல இருந்து."

டீக் கிளாஸ்களோடு அப்பா வருவதை அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அப்பா வாராங்க. அவங்ககிட்ட நீங்கதான் பேசணும். எனக்குத் தையில குதிக்கணும்."

இசக்கிராஜா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தங்கசாமியை நோக்கி நடந்தான்.