பீப்பாய்க்கு வெளியே ஒரு ஆள்

வெளியே யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். ஆளுயரப் பீப்பாய்க்குள் முட்டிபோட்டுப் பழைய கசடைச் சுரண்டிக்கொண்டிருந்த ரெமிஜோ, கைப்பழக்கத்தில் இரண்டு தட்டுத் திருப்பித் தட்டினான். அப்புறம்தான் உறைத்தது: வீட்டில் அவனைத் தவிர யாருமில்லை.

அந்தக் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக அதுதான் முறை. ஒருவர் உள்ளே கழுவினால் இன்னொருவர் வெளியே நின்று தட்டுவார். ஒயின் ஆவி ஆளை அமுக்கிவிடும். பதில் வந்தால்தான் உயிர் இருக்கிறதென்று அர்த்தம். சித்தப்பா தெல்ஃபீனோ இதே பீப்பாய்க்குள் இருந்தபோது, தாத்தா வாசலுக்கு ஒரு சிகரெட் பிடிக்கப் போனார். திரும்பி வந்து தட்டினார். பதில் இல்லை. சாகும்வரை அந்தக் காலிப் பீப்பாயைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

காலையில் பக்கத்துத் தோட்டத்து ஓர்னெல்லா போனிலேயே திட்டியிருந்தாள்.

"தனியா இறங்காதப்பா. நாளைக்கு நான் வர்றேன்."

"நாளைக்குப் புது ஒயின ஊத்தியாகணும்க்கா. என் தொப்பை அந்தப் பீப்பாய்க் கதவுல நுழையுமான்னுதான் எனக்குக் கவலை."

"போன வருஷம் உன் பொண்டாட்டி தட்டினா. இப்ப யாரு தட்டுவா?"

சிரித்து மழுப்பினான். மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அவனோடு பேசுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான்.

மறுபடி தட்டு. வெட்கக்கேடு, பயத்துக்கு முன்னால் அவனுக்குச் சந்தோஷம்தான் வந்தது. யாரோ கேட்கிறார்களே.

"அக்கா?"

கால்மாட்டில் ஒரு முழ அகலத்துக்குத் திறந்திருந்த கதவு வழியே நிலவறை பல்பின் மஞ்சள் வெளிச்சம் ஈரப் பலகையில் ஊர்ந்து வந்தது. ஓக் மரத்தின் புளிப்பு, ஊறிய கசடின் நெடி, எங்கோ சொட்டும் குழாய், இவற்றுக்கு நடுவே மெல்ல மெல்ல இன்னொரு வாசனை.

சிகரெட்.

மூன்றாவது தட்டு. கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டான். மூச்சை அடக்கினான். தட்டவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால், பீப்பாயின் இருட்டுக்குள்ளிருந்து, யாரோ பதில் தட்டினார்கள்.

வெளியே ஒரு பெருமூச்சு. "இருக்கியாடா தெல்ஃபீனோ. பயந்தே போயிட்டேன்." கிழக்குரல் தழுதழுத்தது. "இந்தத் தடவ எங்கயும் போக மாட்டேன்டா. இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

பழைய கம்பளிக் கோட்டு போட்ட முதுகொன்று கதவில் சாய்ந்தது. வெளிச்சம் ஓரம் ஓரமாக அடைந்தது. பிறகு முழுதாக.

இருட்டு. தோளில் ஓர் ஈரக் கை.

ரெமிஜோ பலகையை ஓங்கி ஓங்கி அறைந்தான்.

ஒவ்வோர் அறைக்கும் வெளியே கிழவர் நிம்மதியாகப் பதில் தட்டினார்.