தார்த்துளிக்குக் காவல்

வொம்பரா ஊர்ப் பள்ளியின் நடைக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஒரு புனல். புனல் நிறையத் தார். சுத்தியலால் தட்டினால் சில்லுச் சில்லாக உடைந்துவிடும் கெட்டித் தார்தான். ஆனால் சும்மா விட்டுவிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல ஒழுகும். ஒரு துளி விழ ஏழெட்டு வருஷம் ஆகும். ஆமைகூட அதைப் பார்த்து, "கொஞ்சம் சீக்கிரம் வாயேன்" என்று சலித்துக்கொள்ளும்.

விழுந்த துளிகள் கீழே கோப்பையில் கிடந்தன. ஆனால் எந்தத் துளியும் விழுவதை யாரும் பார்த்ததில்லை.

இங்கே படிக்கும் மேபலின் அப்பா டக்கும் இதே பள்ளியில் படித்தவர். அவர் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோதும் ஒரு துளி இதோ அதோ என்று தொங்கியது. வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டைக்கூடப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தே சாப்பிட்டார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் துளி கோப்பையில் கிடந்தது. அந்தக் கதையை இப்போதும் சொல்வார்.

இப்போது இன்னொரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்து நூலாக மெலிந்துவிட்டது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் துளியின் நீளத்தை அளந்து சொல்லும் வேலை இந்தப் பருவத்தில் மேபலுக்கு வந்திருந்தது.

அப்பாவுக்குத் தூரத்துச் சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். விமானத்தில் போவார், விமானத்தில் வருவார். வீட்டில் இருக்கும் வாரம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். இல்லாத வாரங்கள் அந்தத் தார் மாதிரிதான் நகரும். சாப்பாட்டு மேசையில் அவருடைய காலி நாற்காலிக்கு எதிரே உட்கார மேபலுக்குப் பிடிக்காது.

துளி அப்பா இருக்கும்போது விழ வேண்டும். அவர் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மேபலுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அப்பா வீட்டுக்கு வந்திருந்த வாரம் அது. புதன்கிழமை மதியம், வகுப்புத் தோழன் ஆங்கஸ் சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வந்தான்.

"என்னடா வயிறு வீங்கியிருக்கு?"

"எங்கக்காவோட ஹேர் டிரையர். பெட்டியைத் தொறந்து ரெண்டு நிமிஷம் காட்டினா போதும், பொத்துனு விழுந்துரும். உங்கப்பாவுக்குப் போன் போட்டு வரச்சொல்லு."

மேபலுக்குக் கை பரபரத்தது. வெள்ளிக்கிழமை அப்பா கிளம்பிவிடுவார். பெட்டிக் கதவில் கைகூட வைத்துவிட்டாள். ஆனால் திறக்கவில்லை.

"வேணாம்டா."

"ஏன்?"

"இது இத்தனை வருஷமா தானா இறங்கி வருது. நாம சூடு காட்டினா அது விழுந்ததா ஆகாது, நாம தள்ளிவிட்டதா ஆயிடும். எப்படி விழுந்துச்சுன்னு எங்கப்பா கேட்டா என்ன சொல்றது?"

"ஹேர் டிரையர்னு சொல்லு."

"போடா."

ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க வேண்டாமா? ஆங்கஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கொண்டுவந்தது வீணாகக் கூடாது என்று டிரையரைப் போட்டு மேபலின் முகத்தில் காட்டினான்.

சூடான காற்று அடித்தது. மேபல் கண்ணை மூடினாள். இந்தச் சூடு அவளுக்குப் பழக்கமானதாக இருந்தது. யோசித்ததும் பிடிபட்டது. திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக வந்து நடைக்கூடத்துக் கதவைத் திறக்கும்போது இதே அனல்தான் முகத்தில் அடிக்கும். சனி, ஞாயிறு ஏசி ஓடாது. ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடக்கும். மேலே தகரக் கூரை வேறு.

அவள் குனிந்து கண்ணாடியைப் பார்த்தாள். சில வாரங்களாகத் தினமும் மாலையில், துளியின் நுனி இருக்கும் இடத்துக்கு நேராக ஒரு துண்டு டேப்பைக் கண்ணாடியில் ஒட்டி வந்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒட்டியவை ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. வெள்ளிக்கும் அடுத்த திங்களுக்கும் நடுவில் மட்டும் ஓர் அரிசி நீளத்துக்கு இடைவெளி. ஒவ்வொரு வாரமும் அப்படித்தான்.

"ஆங்கஸ், இங்க பாரு. நாம இருக்கற நாள்ல இது நகரவே மாட்டேங்குது. நாம இல்லாத சனி ஞாயிறுல, ஏசி ஓடாத சூட்டுலதான் நகருது. அதான் இதுவரைக்கும் யார் கண்ணுலயும் படல."

"எங்கண்ணன் மாதிரி. அம்மா வெளிய போனாத்தான் படுக்கையை விட்டு எழுந்திருப்பான்."

இருவரும் ஆசிரியை மிஸ் லோரிமரைக் கூட்டிவந்தார்கள். அவர் டேப் துண்டுகளைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருஷமா திங்கட்கிழமை மட்டும்தான் அளக்கறோம்," என்றார். "தினமும் அளக்கணும்னு உனக்கு எப்படித் தோணிச்சு?"

"அளக்கணும்னு இல்ல மிஸ். அப்பா போறதுக்குள்ள விழுந்துராதான்னு தினமும் வந்து வந்து பாத்தேன்."

மிஸ் லோரிமர் அவள் தலைமுடியைக் கோதிவிட்டார். "சனிக்கிழமை சாவி கொண்டுவரேன்," என்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது மேபல் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா வாய்க்குக் கொண்டுபோன சாசேஜைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"கோஸ்டாகிட்ட கேட்டா எனக்காக ரெண்டு நாள் கூட இருப்பான்," என்றார். கோஸ்டா சுரங்கத்தில் அவருடைய கூட்டாளி. "ஆனா பதிலுக்கு அவனோட ஈஸ்டர் லீவுல நான் அங்க நிக்கணும்."

ஈஸ்டருக்கு மூவரும் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவதாக இருந்தது. கூடாரத்தை அம்மா தூசி தட்டிக்கூட வைத்துவிட்டார்.

"உன் கணக்கு தப்பினா ஈஸ்டரும் போச்சு, துளியும் போச்சு," என்றார் அப்பா. "நல்லா யோசிச்சுச் சொல்லு குட்டி. எவ்வளவு நிச்சயமா இருக்க?"

நூற்றுக்கு நூறு நிச்சயம் என்று சொல்ல மேபலுக்கு நாக்கு துடித்தது. சொன்னால் அப்பா இருந்துவிடுவார். ஆனால் அது உண்மை இல்லையே.

"முழுசா நிச்சயம் இல்லப்பா," என்றாள். "நல்லா வெயில் அடிக்கணும். மேகம் வந்தா கெட்டுச்சு. தெருவுல பெரிய லாரி அதிர்ந்துக்கிட்டுப் போனா முன்னாடியே விழுந்தாலும் விழுந்துரும். இந்த வாரம் இல்லாம அடுத்த வாரம்கூட ஆகலாம். ஆனா லீவு நாள்ல விழத்தான் வாய்ப்பு அதிகம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தார். அப்பா எழுந்து போய் கோஸ்டாவுக்குப் போன் போட்டார்.

சனிக்கிழமை நடைக்கூடம் அடுப்பாகக் கொதித்தது. மேபல், அப்பா, ஆங்கஸ், மிஸ் லோரிமர் நால்வரும் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"ஒரே ஒரு ஜன்னல் திறக்கலாமா?" என்று கெஞ்சினார் அப்பா.

"கூடாதுப்பா. எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கணும்."

"மிஸ், இவ உங்களைவிடக் கண்டிப்பா இருக்காளே."

"நான் என்ன பண்றது, எனக்கும் இதே சட்டம்தான்," என்று விசிறிக்கொண்டார் மிஸ் லோரிமர்.

அன்று துளி விழவில்லை. மாலையில் காற்று குளிர்ந்தது. மேபல் டேப் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். ஈஸ்டரை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டோமோ என்று படுக்கையில் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பார்த்தாள். துளி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. உச்சிப் பொழுது சாய்ந்தது. அப்பாவின் விமானம் அன்று மாலை. அவர் பையைக் கையோடு கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார். மேபல் அந்தப் பையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

ஆங்கஸ் ஐஸ் வாங்க வெளியே போனான். மிஸ் லோரிமர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்பா முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, முகத்தில் வழியும் வியர்வையைக்கூடத் துடைக்காமல், ஒரு சின்னப் பையனைப் போல உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கணம் அவருடைய கண்கள் சட்டென்று கீழே இறங்கின. வாய் தானாகத் திறந்தது. மூச்சு நின்று, பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. மிஸ் லோரிமர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாத்தியா? குட்டி, பாத்தியா?"

மேபல் திரும்பிப் பார்த்தாள். துளி கோப்பையில் கிடந்தது.

அவள் பார்க்கவில்லை. அது விழுந்த நேரம் முழுக்க அவள் கண் அப்பாவின் முகத்தில்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த முகம் விமானம் ஏறிவிடும்.

"இல்லப்பா," என்றாள். "நான் உங்களத்தான் பாத்துட்டு இருந்தேன்."

அப்பாவின் சிரிப்பு கலங்கியது. அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். "அடிப் பைத்தியமே, அடுத்தது விழ இன்னும் ஏழெட்டு வருஷம் ஆகுமே," என்றார்.

"பரவால்லப்பா. எப்படி விழுந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க."

விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்பா மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.