ஊரே பொறாமைப்பட்ட மனிதர்

ஆம்பூர். 2003 ஆகஸ்ட். மாலை 7.20.

காபியில் ஆடை படிந்துவிட்டது. கோதண்டபாணி நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தார். மடியில் மல்லிகைப்பூப் பொட்டலம், வாழை இலையில் கட்டியது, இன்னும் பிரிக்கவில்லை.

பூவை வாங்கிக்கொள்ளத்தான் சோபனா சமையலறையிலிருந்து வந்தாள். வழக்கமாக அவரே கூப்பிட்டுக் கொடுப்பார். இன்று கூப்பிடவில்லை. தோளைத் தொட்டாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

அவளுடைய அலறலைக் கேட்டு முதலில் ஓடி வந்தவள் வள்ளியம்மாள், கோதண்டபாணியின் அக்கா. அடுத்த தெருவில் இருப்பவள். தம்பியைப் பார்த்தாள், காபி டம்ளரைப் பார்த்தாள், பிறகு சோபனாவைப் பார்த்தாள்.

"இன்னாடி குடுத்தே எந்தம்பிக்கு?"

போலீஸ் வந்தது அந்தக் கேள்வியால்தான்.

சப் இன்ஸ்பெக்டர் டோரதி உள்ளே வந்தபோது மணி எட்டேகால். முப்பத்தைந்து வயது, குறைவாகப் பேசும் பெண். கூடவே ஏட்டு கவுஸ் பாஷா, ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர்.

டோரதி எதையும் தொடாமல் நாற்காலியைச் சுற்றி வந்தாள். டீப்பாயில் சின்ன மாத்திரை பாட்டில், மூடி திறந்திருந்தது.

"இது இன்னா மாத்திரை?"

"நெஞ்சு வலிக்கு. நாக்குக்கு அடியில வெச்சுக்குவாரு," என்றாள் சோபனா. "கம்பெனியிலேர்ந்து பாலம் ஏறி சைக்கிள்ள வர்றாரில்ல, வந்து உட்கார்ந்ததும் ஒன்னு வெச்சுக்குவாரு. தினம் இதான். எல்லாருக்கும் தெரியும்."

டோரதி குனிந்து பூப்பொட்டலத்தைப் பார்த்தாள். இலையின் மேல் எறும்பு வரிசையாக ஊர்ந்தது. மல்லிகைப்பூவைத் தேடி எறும்பு வருமா? ஓரத்தில் கறுப்பாக ஒரு விரல் தடம் ஒட்டியிருந்தது. முகர்ந்தாள். வெல்லமும் கிராம்பும் நெய்யும் கலந்த வாசனை.

"வீட்ல லேகியம் ஏதாச்சும் கிண்டுவியாம்மா?"

"இல்ல மேடம். அவருக்குச் சர்க்கரை. இனிப்பே வாங்க மாட்டேன்."

பொட்டலம் காபி டம்ளரோடு பரிசோதனைக்குப் போனது.

*

ரிப்போர்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கவுஸ் பாஷா அதைப் படித்துவிட்டு டோரதியின் மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"நீங்களே பாருங்க மேடம்."

"வாயால சொல்லுங்க பாய்."

"அந்த... ஆம்பளைங்க போடற மாத்திரை மேடம். நீலக் கலர்ல இருக்குமே. அவர் வயித்துல இருந்துருக்குது. பூ கட்டின இலையிலயும் இருக்குதாம். காபியில இல்ல." சொல்லி முடிப்பதற்குள் அவர் காது சிவந்துவிட்டது.

ஊருக்குள் சேதி போக அரை நாள் பிடிக்கவில்லை. வள்ளியம்மாள் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"அவளுக்கு வயசு முப்பத்திமூணு. எந்தம்பிக்கு அம்பத்திரெண்டு. லேகியத்துல கலந்து ஊட்டி ஊட்டியே கொன்னுட்டா. இன்னும் என்னாத்துக்கு வெளியில விட்டு வெச்சிருக்கீங்க?"

இன்ஸ்பெக்டருக்கும் அதே எண்ணம். "நாளைக்குச் சாயங்காலம் அந்தப் பொண்ணை அரெஸ்ட் பண்ணிடலாம் டோரதி. அதுக்குள்ள வேற ஏதாச்சும் கிடைச்சாப் பாருங்க."

டோரதி நேராக டாக்டர் ஐசக்கிடம் போனாள். கோதண்டபாணியின் நெஞ்சு வலிக்கு வைத்தியம் பார்த்தவர் அவர்தான்.

"அந்த மாத்திரை விஷமா டாக்டர்?"

"தனியா விஷம் இல்ல. டாக்டரைக் கேட்டு, அளவாப் போட்டா பெரும்பாலான பேருக்கு ஒன்னும் ஆகாது. ஆனா நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறவங்க தொடவே கூடாது. ரெண்டும் சேர்ந்தா ரத்த அழுத்தம் சடார்னு விழும். அவ்வளவுதான்."

"கோதண்டபாணிக்கு இது தெரியுமா?"

"ஹார்ட் பேஷன்ட் எல்லார்கிட்டயும் சொல்வேன். அவரைத் திருப்பிச் சொல்லவே வெச்சேன். தெரிஞ்சு போட்டிருக்க மாட்டார்."

"போட்டவங்களைப் பார்த்தாத் தெரியுமா?"

"முகம் சிவக்கும், தலை வலிக்கும், மூக்கு அடைக்கும். கொஞ்சம் ஜாஸ்தி போட்டா சிலருக்கு ஒரு ரெண்டு மணி நேரம் பார்க்கிறதெல்லாம் நீலம் பூசின மாதிரி இருக்கும். அப்புறம் தானாப் போயிடும்."

அடுத்து சோபனாவின் வீடு. அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தில் யாரும் அவளோடு பேசுவதில்லை.

"உங்க கல்யாணம் எப்படி நடந்தது?"

"எனக்குக் காவேரிப்பாக்கம் மேடம். என்னைப் பார்க்க வந்தது இவரு இல்ல, ராமலிங்கம் அண்ணன். இவரோட தோல் கம்பெனியில சாயம் கலந்து கலர் பார்க்கிறவரு. இவரு துணைக்கு வந்தாரு. சூப்பர்வைசர், சொந்த வீடுன்னு கேட்டதும் எங்கப்பா இவரையே பேசி முடிச்சிட்டாரு."

"அவருக்குக் கோவம் இல்லியா?"

"இல்லியே. கல்யாணத்துல அவர்தான் பந்தி விசாரிச்சாரு. அப்பப்ப வந்து காபி குடிச்சிட்டுப் போவாரு."

"வீட்டுக்காரர் அந்த மாத்திரை..."

சோபனா தலை நிமிரவில்லை. "வாங்கினதில்ல மேடம். அதுக்கு மேல கேக்காதீங்க."

*

பிற்பகல் 3.00. தோல் கம்பெனி.

மேனேஜர் நசீர் அகமது வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். கோதண்டபாணியைப் பற்றி யாரைக் கேட்டாலும் பூவில்தான் தொடங்கினார்கள். தினம் சாயங்காலம் ஐந்து முழம் வாங்கி, சைக்கிள் ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு, மணியடித்துக்கொண்டே போவாராம்.

"எங்களுக்கெல்லாம் வயித்தெரிச்சல்தான் மேடம்," என்றான் ஒருவன். "'இன்னாண்ணே, இந்த வயசுல'ன்னு கேட்டா மீசையைத் தடவிக்குவாரு. 'சாப்பாடு அப்படிடா'ம்பாரு."

"என் சம்சாரம் தினம் அவரைத்தான் உதாரணம் காட்டும்," என்றான் இன்னொருவன். "பேஜாராப் போச்சு."

கோடவுன் ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய குவியல் ஒன்று கிடந்தது. டோரதி நின்றாள்.

"இது இன்னா?"

"அதை ஏன் கேக்கறீங்க," என்றார் நசீர் அகமது. "டேன் கலர் லாட், வெளிர்ப் பழுப்பு. ஷூ தோல். காலையில வெளிச்சத்துல பிரிச்சா ஆரஞ்சு அடிக்குது. வாங்கறவன் மொத்தமாத் தள்ளிட்டான்."

"கலர் பார்த்தது யாரு?"

"ராமலிங்கம். இருபது வருஷத்துல ஒரு லாட் தப்பினதில்ல. மத்தவங்க சாம்பிள் துண்டைப் பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. அவன் சாம்பிளைக் கையால தொட மாட்டான். எல்லாம் கண்ணுலயே இருக்குதும்பான். அன்னிக்கி தோஸ்த்து செத்துட்டான். அந்தத் துக்கத்துல கலர் எங்கேர்ந்து தெரியும்? நானும் ஒரு வார்த்தை கேக்கல."

"கோதண்டபாணி செத்த அன்னிக்கா?"

"அதே நாள்தான்."

டோரதி தார்ப்பாயின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினாள்.

ராமலிங்கம் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தான். ஐம்பதை நெருங்கும் வயது, கல்யாணம் ஆகாதவன், சுத்தமான வெள்ளைச் சட்டை. சாயம் நடுவே இருபது வருடம் நின்றவனின் சட்டையில் ஒரு பொட்டு இல்லை.

"அன்னிக்கி ரெண்டு பேரும் ஒன்னா டீ குடிச்சீங்களா?"

"குடிச்சோம் மேடம். அஞ்சு மணிக்கு."

"லேகியம்?"

"லேகியமா? பார்த்ததே இல்ல."

"உங்களுக்கு அந்த மாத்திரைப் பழக்கம் உண்டா?"

அவன் சிரித்தான். "பொண்டாட்டி இல்லாதவனுக்கு எதுக்கு மேடம் அது?"

போகும்போது டோரதி நசீர் அகமதுவிடம் செக்‌ஷன் ஆட்கள் எடுத்துக்கொண்ட ஆயுதபூஜை போட்டோவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஜீப்பில் ஏறியதும் கேட்டாள்:

"பாய், ஆம்பூர்க்காரன் ஒருத்தன் இந்த மாத்திரை வாங்கணும்னா எங்க போவான்?"

கவுஸ் பாஷா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆம்பூர்ல வாங்க மாட்டான். கடைக்காரன் சித்தப்பனாவோ மாமனாவோ இருப்பான். வேலூர் தூரம். ஜோலார்பேட்டைன்னா ரயில் ஏறினா வந்துடும், எறங்கறவனை எவனும் பார்க்க மாட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டது மேடம்," என்றார் கவுஸ் பாஷா. காது மறுபடி சிவந்தது.

*

மறுநாள் காலை 11.00.

கோடவுனில் தார்ப்பாய் விலக்கப்பட்டிருந்தது. நசீர் அகமது, ராமலிங்கம், கவுஸ் பாஷா. வள்ளியம்மாளையும் டோரதி வரவழைத்திருந்தாள். குவியலிலிருந்து ஒரு தோலை எடுத்து வெயிலில் விரித்தாள்.

"ராமலிங்கம், இது இன்னா கலர்?"

"டேன்ல ஆரஞ்சு ஏறியிருக்குது மேடம். அன்னிக்கி மனசு சரியில்ல."

"எதனால?"

"கோதண்டம் போய்ட்டான்ல."

"இந்தக் கலரை எத்தினி மணிக்குக் கலக்கினீங்க?"

ராமலிங்கம் நசீர் அகமதுவைப் பார்த்தான். அவர்தான் சொன்னார். "ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடியறதுக்குள்ள." சொன்னதும் அவருக்கே ஏதோ உறைத்தது.

"கோதண்டபாணி ஆறு மணிக்கு உங்க முன்னாடி மணியடிச்சுக்கிட்டு சைக்கிள்ள போனாரு," என்றாள் டோரதி. "செத்தது ஏழு மணிக்கு மேல. கலர் கலக்கும்போது யாரும் சாகல ராமலிங்கம். அப்ப எந்தத் துக்கத்துல உங்க கண்ணு தப்பு பண்ணுச்சு?"

ராமலிங்கம் குனிந்து தோலின் ஓரத்தைக் கையில் எடுத்தான்.

"நான் சொல்றேன். டேன் கலர் உங்களுக்கு நீலம் தட்டித் தெரிஞ்சுது. நீலத்தை அடக்கறதுக்கு ஆரஞ்சு ஊத்தினீங்க. ஊத்த ஊத்த நீலம் போகல. ஏன்னா நீலம் தோல்ல இல்ல, உங்க கண்ணுல இருந்துது. அந்த மாத்திரையை ஜாஸ்தி முழுங்கினா அப்படி ஆகுமாம். சாம்பிள் துண்டைப் பக்கத்துல வெச்சிருந்தீங்கன்னா ரெண்டுமே நீலமாத் தெரிஞ்சிருக்கும். கலரும் சரியா வந்திருக்கும். நான் இங்க நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டேன். நீங்கதான் சாம்பிள் பார்க்கறதில்லியே."

வள்ளியம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள். "இன்னாம்மா சொல்றே? இவனும் தின்னானா?"

"தின்னாத்தான் உங்க தம்பி நம்பித் தின்பாரு. டாக்டர் எச்சரிச்சு வெச்ச மனுஷன். இங்கிலீஷ் மருந்து எதுவும் இல்ல, வெறும் மூலிகைன்னு சொல்லியிருக்கணும். டீ குடிக்கிறப்ப, மாத்திரையைப் பொடிச்சுக் கலந்த லேகியம். தின்ன கையோட பூவை வாங்கினாரு, இலையில ஒட்டிக்கிச்சு. நேத்து ராத்திரி ஏட்டு அந்த போட்டோவோட ஜோலார்பேட்டைக்குப் போனாரு. சொல்லுங்க பாய்."

கவுஸ் பாஷா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மெடிக்கல்காரன் இவர் மேலதான் விரலை வெச்சான். சீட்டு இல்லாமக் குடுத்தது தப்புதான்னு ஒத்துக்கிட்டான். குடுக்கும்போது, நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறவங்க தொடக் கூடாதுன்னு சொன்னானாம். 'எல்லாரும் வேலை செய்யுமான்னுதான் கேப்பாங்க சார். இந்த ஆளு மட்டும்தான், ரெண்டும் சேர்ந்தா எவ்ளோ நேரத்துல ஆகும்னு கேட்டாரு. அதான் மூஞ்சி ஞாபகம் இருக்குது'ன்னான்."

ராமலிங்கம் தோலின் ஓரத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"பொண்ணு பார்க்கப் போனது நானு," என்றான். "புதுச்சட்டை போட்டுக்கிட்டுப் போனது நானு. அதுகூடப் பரவால்ல மேடம். பூவை மாட்டிக்கிட்டு என் செக்‌ஷன் வழியாத்தான் போவான். அவன் வெளிய போற கேட் அந்தப் பக்கம். வேணும்னே சுத்திக்கிட்டு வருவான். ரெண்டு வருஷமா, தினம் மணியடிப்பான். வீட்டுக்குப் போனா அந்தப் பொண்ணு என்னை அண்ணன்னு கூப்பிட்டுக் காபி குடுக்குது."

"லேகியத்தைக் குடுத்ததும் இன்னா சொன்னாரு?"

"எனக்கு எதுக்குடா இதுன்னு சிரிச்சான். நீ முதல்ல தின்னுன்னான். தின்னேன். அப்புறம் அவன் ஒரு உருண்டை எடுத்தான். நான் பார்க்கலைன்னு நினைச்சு இன்னொன்னும் எடுத்தான். அதுலயும் பேராசை அவனுக்கு."

வள்ளியம்மாள் அவனைத் திட்டவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

*

அன்று மாலை டோரதி சோபனாவின் வீட்டுக்குப் போனபோது வள்ளியம்மாள் அங்கே இருந்தாள். அடுப்பில் ஏதோ கொதித்தது. இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே சொம்பில் தண்ணீர் குடித்திருந்தார்கள்.

டோரதி நடந்ததைச் சொன்னாள். இரண்டாவது உருண்டையைச் சொன்னபோது சோபனா எழுந்து அவளை வாசலுக்குக் கூட்டி வந்தாள்.

"எதுக்கு ரெண்டுன்னு எனக்குத் தெரியும் மேடம்," என்றாள் தாழ்ந்த குரலில். "ஊர் நினைக்கிற மாதிரி ஒன்னும் இல்ல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவரு கூடத்துலதான் படுப்பாரு. சர்க்கரை, நெஞ்சு வலி, முடியல. எனக்கு அது ஒரு கொறையா இல்ல. அவருக்குத்தான். அதுக்குத்தான் பூ. கம்பெனி பூராக் காட்டிட்டு வந்து, என் கையில குடுக்கும்போது மட்டும் மூஞ்சியைப் பார்க்க மாட்டாரு."

டோரதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இதைக் கோர்ட்ல சொல்லணுமா?"

"கேட்டாச் சொல்லணும். கேக்க வேண்டிய அவசியம் இல்ல."

"அப்ப வேணாம் மேடம். அவங்க பொறாமைப்பட்டபடியே இருக்கட்டும். அதுதான் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம்."

மறுநாள் ராமலிங்கத்தை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிகொண்டா தாண்டியாயிற்று. ஜீப் வேகம் குறைந்த இடத்தில், சாலையோரம் ஒருத்தி பூக்கூடையோடு நின்றிருந்தாள். அவன் அதையே பார்த்தான்.

"மேடம்."

"சொல்லுங்க."

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சு? ரெண்டு பேரும் நல்லா இருந்தாங்களாமா?"

டோரதி முன் சீட்டிலிருந்து திரும்பினாள். அவன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருந்தாங்களாம்," என்றாள்.

ராமலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேலூர் வரும்வரை கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.