எதிர்ச் சரிவிலிருந்து ஒரு வம்புப் பாட்டு

மலைப் பாட்டுகளை டேப்பில் பிடித்து வைக்கிற கன்னையன் சார் வந்துவிட்டார்! போடியிலிருந்து ஏலத் தோட்டத்துக்கு வரும் ஜீப்பில், டேப் ரிக்கார்டரைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

வேலுத்தாய்க்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவள் அம்மா சுருளியம்மாள் வாய் திறந்தால் அந்தச் சரிவு முழுக்கக் கேட்கும். அந்தக் குரல் இன்று பெட்டிக்குள் போகப்போகிறது!

ஆனால் என்ன ஆச்சு தெரியுமா? காய் பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் சார் மைக்கை நீட்டியதும், அத்தனை பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பாடுங்கம்மா."

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு சார். மூக்கம்மாளப் பாடச் சொல்லுங்க."

"ஆத்தாடி, நான் மாட்டேன்! சுருளி பாடட்டும்."

சுருளியம்மாளோ ஏலச்செடிக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள்.

கீழே ஜீப் டிரைவர் மொக்கையன் ஹாரன் அடித்தார். "லோடு ஏத்தியாச்சு சார்! வெரசா வாங்க!"

சாரின் முகம் வாடிவிட்டது. "சரி, அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த வருசமா? வேலுத்தாய்க்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது மட்டும் இவர்களுடைய கூச்சம் ஓடிப்போகுமா?

இவர்கள் தினமும் எப்போது பாடுவார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். எதிர்ச் சரிவில் பறிப்பவர்கள் வம்புக்கு இழுத்துப் பாடுவார்கள். உடனே இங்கிருந்து பதில் பாட்டுப் போகும். பதில் பாடாவிட்டால் தோற்ற கணக்கு. இன்றைக்கு எதிர்ச் சரிவில் ஆளே இல்லையே!

"சார், பெட்டிய ஓட விட்டே வைங்க!" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஓடையைத் தாண்டி, எதிர்ச் சரிவில் ஏறி நின்று தொண்டை கிழியப் பாடினாள்.

"அந்தப் பக்கத்து அக்காமாரே, அசந்து தூங்கப் போயாச்சா?
கூடையெல்லாம் காலியாக் கெடக்கு, கொட்டாவிதான் வந்தாச்சா?"

"யாருடி அது?" என்று சுருளியம்மாள் விருட்டென்று எழுந்தாள்.

"உன் மகதான்டி! விடாத, பாடு!" என்றாள் மூக்கம்மாள்.

சுருளியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மைக்கை மறந்தே போனாள்.

"கூடையக் கேட்ட சின்னக்குட்டி, கொண்டா உன் கூடையப் பாப்போம்!
பிஞ்சுக் காயப் பறிச்சிருந்தா பிடிச்சுக் காதத் திருகுவோம்!"

மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மலையே அதிர்ந்தது. வேலுத்தாயும் விடவில்லை. பதிலுக்குப் பதில் பாடித் தீர்த்தாள்.

அவள் மூச்சு வாங்க ஓடி வந்ததும், சார் டேப்பைப் போட்டுக் காட்டினார். பெட்டிக்குள்ளிருந்து வேலுத்தாயின் குரல் கிளம்பியது.

"பாருடி, மறுபடியும் வம்புக்கு இழுக்குது!" என்றாள் மூக்கம்மாள்.

அவ்வளவுதான். எல்லோரும் இடுப்பில் கை வைத்து, அந்தப் பெட்டிக்கே புதுசு புதுசாய்ப் பதில் பாட ஆரம்பித்துவிட்டார்கள்!

ஹாரன் அடித்துக்கொண்டிருந்த மொக்கையன் பாட்டுக் கேட்க மேலே ஏறி வந்தார். சார் அவசர அவசரமாய்ப் பையைத் துழாவி, அடுத்த கேசட்டை எடுத்தார்.